பஸ்ஸைக் கேட்காதீர்கள், நேரத்தைக் கேளுங்கள்

"எங்கள் ஊருக்குப் பேருந்து வசதி செய்து தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்." வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு இப்படி ஒற்றை வரி மனுவோடு வருகிற ஊர்க்காரர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். வரப்போகிற பதில் எனக்கு மனப்பாடம்: "போதிய பேருந்தும் பணியாளரும் இல்லாத காரணத்தால் கோரிக்கை பின்னர் பரிசீலிக்கப்படும்." கண்டக்டராகத் தோளில் பையை மாட்டி, நேரக் காப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பதில் எப்படிப் பிறக்கிறது என்று தெரியும். எழுதுகிறவர் பொய் சொல்வதில்லை. கேட்ட விதத்துக்கு அதுதான் பதில்.

ஒரு பணிமனையில் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு ஷெட்யூல் உண்டு. விடியற்காலை முதல் சிங்கிள், அதாவது ஒருவழி நடை, எங்கிருந்து, இரவு கடைசி சிங்கிள் எங்கே, டிரைவரும் கண்டக்டரும் எங்கே மாறுகிறார்கள், மொத்தம் எத்தனை கிலோமீட்டர் என்று எல்லாம் அதில் கட்டிவைத்திருக்கும். ஸ்பேர் பஸ் ஒன்றிரண்டு இருந்தாலும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குப் போன வண்டிக்கும் வழியில் நின்றுபோன வண்டிக்கும் பதிலாகப் போகவே சரியாக இருக்கும். பௌர்ணமி வந்தால் திருவண்ணாமலை கிரிவலச் சிறப்புப் பேருந்து வேறு. புதிதாக ஒரு பஸ்ஸைக் கிளை மேலாளர் எங்கிருந்து கொண்டுவருவார்? ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற பஸ்ஸை அரை மணி நேரம் முன்னே தள்ளுவதும், கூட்டுச்சாலையோடு திரும்பிப் போகிற பஸ்ஸை இரண்டு கிலோமீட்டர் உள்ளே விடுவதும் இருக்கிற வண்டியை வைத்தே முடிகிற காரியங்கள். அவற்றைக் கேளுங்கள். ஊசூர், அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமமாக இருந்தால், ஸ்ரீபுரம் பொற்கோயில் வரை வந்து திரும்புகிற வண்டி எது என்று பாருங்கள். கணியம்பாடிப் பக்கமாக இருந்தால் அடுக்கம்பாறை மருத்துவமனையோடு திரும்புகிறது எது என்று பாருங்கள். தடம் எண்ணையும் திரும்புகிற நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மனு அந்த ஒரு வண்டியைப் பற்றியதாக இருக்கட்டும்.

யார் நிற்கிறார்கள் என்று முதலில் எழுதுங்கள்

ஊர்க்கூட்டம் போட்டு "எத்தனை மணிக்கு பஸ் வேண்டும்?" என்று கேட்டால் "ஒன்பது மணிக்கு" என்று பதில் வரும். சொல்கிறவர் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கும். மனுவில் முதல் கையெழுத்தைப் போடுகிறவர் பெரும்பாலும் பஸ் ஏறாதவர். பஸ்ஸை நம்பி இருக்கிறவர்கள் அந்தக் கூட்டத்துக்கே வர மாட்டார்கள். அந்த நேரத்தில் அவர்கள் களை எடுத்துக்கொண்டோ சோறு ஆக்கிக்கொண்டோ இருப்பார்கள்.

ஆகையால் கூட்டத்தை நம்பாமல் நிறுத்தத்துக்குப் போங்கள். ஒரு கோடு போட்ட நோட்டு போதும். ஒரு திங்கட்கிழமை, ஒரு சந்தை நாள், விசேஷம் எதுவும் இல்லாத ஒரு சாதாரண நாள் என்று மூன்று நாள் எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை நாலரை மணி முதல் பத்து வரை, மாலை நான்கு முதல் கடைசி பஸ் போகும்வரை ஒருவர் உட்கார வேண்டும். ஆண், பெண், பள்ளிப் பிள்ளை, ஊன்றுகோல் வைத்திருப்பவர், சுமை உள்ளவர் என்று கட்டம் பிரித்துக்கொள்ளுங்கள். பஸ் ஏறியவர்களை மட்டும் எண்ணினால் வேலை பாதிதான். காத்திருந்து சலித்து நடந்துபோனவர், ஷேர் ஆட்டோவில் போனவர், வழியில் போன வண்டியைக் கைகாட்டி ஏறியவர் ஆகியோர்தான் உங்கள் மனுவின் உயிர். அவர்களிடம் இரண்டே கேள்வி: எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும்?

இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் பஸ் நேரம் இருக்கிறது. அணைக்கட்டு ஒன்றியத்து இலவம்பாடியின் முள்கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அதைப் பறித்துக் கூடையில் அடுக்கி, மேலே ஈரச்சாக்கைப் போட்டுக் கட்டித் தூக்கிவரும் பெண்ணுக்கு விடிவதற்கு முன் நேதாஜி மார்க்கெட்டில் இருக்க வேண்டும். வெயில் ஏறினால் காய் வாடும், காய் வாடினால் விலை இறங்கும். ஆறே முக்கால் பஸ் அவளுக்கு எதற்கு? ஆகவே கூடைக்கு ஓர் இருக்கை விலை கொடுத்து அவள் ஆட்டோவில் போகிறாள். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ சி.எம்.சி.க்கோ போகிற கிழவருக்குச் சீட்டு வாங்கும் வரிசையில் முன்னால் நிற்க வேண்டும். காட்பாடியில் காலை ஏலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்துச் சென்னைக்கு வேலைக்குப் போகிற பையனுக்கு வேறு நேரம். காலணித் தொழிற்சாலைப் பெண்களுக்குக் கம்பெனி பஸ்ஸே வரும். ஆனால் அது பெரிய சாலையில்தான் நிற்கும். வீட்டிலிருந்து பெரிய சாலை வரை இருட்டில் நடக்கிற தூரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதையும் எழுதுங்கள்.

செவ்வாய்க்கிழமை மட்டும் எண்ணிவிட்டு வராதீர்கள். அன்று பொய்கை மாட்டுச் சந்தை. அந்தப் பக்கத்துக் கூட்டம் அன்று வேறு மாதிரி இருக்கும், கிளை மேலாளருக்கும் அது தெரியும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் மனுவே இதில் கவிழும்: எந்தப் பஸ் நிலையத்துக்கு என்று எழுதுங்கள். வேலூரில் டவுன் பஸ்களுக்குக் கோட்டைப் பக்கம் பழைய பேருந்து நிலையம்; வெளியூர் வண்டிகளுக்கு கிரீன் சர்க்கிள் பக்கம் புதிய பேருந்து நிலையம். "வேலூருக்கு" என்று மட்டும் எழுதினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஆட்டோக் காசு கொடுப்பது உங்கள் ஊர்ப் பெண்கள்தான்.

எந்த வகை வண்டி

மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே 8 முதல் நடக்கிறது. பிறகு திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களுடன் வரும் துணையாளர் ஒருவருக்கும் அது விரிந்தது. ஆனால் நம் பக்கத்தில் அது சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மட்டும்தான். வெளியூர் வண்டி உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது, நிற்கவும் செய்கிறது என்றாலும் அதில் பெண்களுக்கு டிக்கெட் உண்டு. இரண்டு வெளியூர் வண்டிகளைப் போகவிட்டு, இளஞ்சிவப்பு முகப்பு தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தபடி ஒரு மணி நேரம் நிற்கும் பெண்களை எந்த நிறுத்தத்திலும் பார்க்கலாம். "எங்கள் ஊர் வழியாக நாளுக்குப் பத்துப் பஸ் போகிறதே" என்று அலுவலகம் சொன்னால், அந்தப் பத்தில் நகரப் பேருந்து எத்தனை என்று திருப்பிக் கேளுங்கள். மனுவில் "பேருந்து" என்று மட்டும் எழுதாமல் "சாதாரணக் கட்டண நகரப் பேருந்து" என்றே எழுதுங்கள்.

மின்சார பஸ் கேட்டு எழுதலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். சென்னையில் 2025இல் ஓடத் தொடங்கிவிட்டது, இங்கும் வந்தால் நல்லதுதான். அதற்காகக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். கணக்கைப் பாருங்கள். நம் டீசல் பஸ் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 பேர் இருந்தால் ஒரு லிட்டரில் 250 ஆள்-கிலோமீட்டர். தனியாக ஒருவர் ஓட்டும் மோட்டார் சைக்கிள் லிட்டருக்கு 50 கொடுத்தாலும் 50தான். ஆனால் அதே பஸ்ஸில் 8 பேர் மட்டும் போனால் 40. அதாவது காலி பஸ் மோட்டார் சைக்கிளை விட மோசம். காற்று கெடாமல் இருக்க நம் கையில் இப்போதே இருக்கிற வழி, ஓடுகிற வண்டி நிரம்பி ஓடுவது. ஏழைக்கு ஏற்ற நேரத்தில் விட்டால் நிரம்பும். நியாயமும் டீசல் கணக்கும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுவதால்தான் நான் நேரம் நேரம் என்று அடித்துக்கொள்கிறேன்.

மனு எழுதும் விதம்

அழுது எழுதாதீர்கள். தாழ்மையும் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். இப்படி இருக்கட்டும்:

"பெறுநர்: கிளை மேலாளர், ... பணிமனை. நகல்: பொது மேலாளர், வேலூர் மண்டலம், மாவட்ட ஆட்சியர்.
பொருள்: தடம் எண் ... நகரப் பேருந்தின் காலை 6.40 நடையை 6.05க்கு மாற்றி, கூட்டுச்சாலையிலிருந்து எங்கள் ஊர்வரை 2.4 கி.மீ. நீட்டிக்கக் கோருதல்.
மேற்படி நடை தற்போது கூட்டுச்சாலையில் திரும்பும்போது ஏறத்தாழ ... பயணிகள் உள்ளனர். காலை 5.30 முதல் 6.30 வரை எங்கள் ஊரிலிருந்து ... பெண்கள், ... முதியோர், ... சுமையுடன் செல்வோர் நடந்தோ ஆட்டோவிலோ கூட்டுச்சாலைக்கு வருகின்றனர் (மூன்று நாள் கணக்கு இணைப்பு 1). பேருந்து திரும்ப ஊராட்சி அலுவலகம் எதிரே இடம் உள்ளது (படம், இணைப்பு 2). கிராம சபைத் தீர்மான நகல் இணைப்பு 3."

அவ்வளவுதான். ஒரே பக்கம். 6.40 பஸ்ஸை முன்னே தள்ளினால் இப்போது அதில் போகிற வேறு ஊர்க்காரர்களுக்கு என்ன ஆகும் என்பதை நீங்களே யோசித்து, முடிந்தால் பக்கத்து ஊர்த் தலைவரின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். பெரும்பாலான நேர மாற்றங்கள் இங்கேதான் நாறுகின்றன. ஓர் ஊர் மனு கொடுக்கும், மாற்றம் வரும், அடுத்த வாரமே இன்னோர் ஊர் மறியல் செய்யும், பழையபடி ஆகிவிடும்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். தீர்மானத்தில் தடம் எண்ணும் நேரமும் வர வேண்டும். "பேருந்து வசதி கோரி ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுத்தர் தன் வழக்கப்படி எழுதிவிடுவார். கையெழுத்து வைப்பதற்கு முன் படித்துப் பாருங்கள். மனுவை முதலில் பணிமனைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள், பிறகு திங்கட்கிழமை கலெக்டரிடம். தலைகீழாகச் செய்தால் மேலிருந்து சுற்றிச் சுற்றி அது கிளை மேலாளர் மேசைக்கே வரும், அவர் முகம் அப்போது இனிமையாக இருக்காது. கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்கும் ரசீது எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம்.

"அந்த நடை நஷ்டத்தில் ஓடுகிறது" என்று வாயால் சொல்வார்கள். அப்போது தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். "ஏன் பஸ் விடவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, அது தகவலே அல்ல. கடந்த மூன்று மாதத்தில் அந்தத் தடத்தில் திட்டமிட்ட சிங்கிள் எத்தனை, ஓடியது எத்தனை, கட் ஆனதற்குக் குறிப்பேட்டில் உள்ள காரணம் என்ன, நடைவாரியாகக் கொடுத்த கட்டணமில்லா டிக்கெட் எத்தனை என்று கேளுங்கள். மாதத்தில் பாதி நாள் வராத பஸ்ஸில் எவரும் ஏறக் காத்திருக்க மாட்டார்கள் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.

சாலையை நீங்கள் தயார் செய்யுங்கள்

தட நீட்டிப்புக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சாலையைப் பார்க்க ஆள் வருவார்கள். பெரிய பஸ் ஒரே வீச்சில் திரும்ப ஏறத்தாழ 24 மீட்டர் விட்டத்துக்கு இடம் தேவை. அது இல்லையென்றால் பின்னோக்கி எடுத்துத் திருப்ப வேண்டும். விசில் ஊதிக்கொண்டு பின்னால் நின்று வண்டி எடுக்கவைத்த எவருக்கும், பின்சக்கரத்துப் பக்கம் பிள்ளைகள் ஓடிவரும் பயம் தெரியும். இடம் இருந்தும் அதில் டிராக்டரும் கரும்பு வண்டியும் நிற்குமானால் இடம் இல்லாத மாதிரிதான்.

தாழ்ந்து தொங்கும் மின்கம்பி, பஸ் கூரையில் உரசும் புளியங்கிளை, திருவிழாவுக்குக் கட்டி அவிழ்க்காமல் விட்ட வளைவு, சிறுபாலத்தின் உடைந்த கைப்பிடிச் சுவர் ஆகியவற்றை ஆய்வுக்கு முன்பே முடித்துவையுங்கள். அறுவடைக் காலத்தில் சாலையில் நெல்லும் கேழ்வரகும் காயப்போடுகிறீர்களே, அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டிரைவர் ஒரு நாள் இறங்கிக் கெஞ்சுவார், இரண்டாம் நாள் ஓரமாக எடுப்பார், மூன்றாம் நாள் "சாலையில் தடை" என்று எழுதிக்கொடுத்துவிட்டுக் கூட்டுச்சாலையோடு திரும்பிவிடுவார். அவர் மேல் தப்பில்லை.

ஹால்ட் பஸ்

இதற்குத்தான் நான் அதிகம் வாதாடுவேன். கடைசி நடையில் ஊருக்கு வந்து, இரவு அங்கேயே நின்று, விடியற்காலை முதல் நடையாகப் புறப்படும் வண்டி. இரவு ஊருக்கு ஆள் வந்து சேரும், காலை ஐந்து மணிக்குக் கூடைக்காரப் பெண்ணுக்கும் பஸ் உண்டு. ஒரே வண்டி இரண்டு பேருக்குமான நேரத்தைக் காப்பாற்றும்.

டீசலும் மிச்சம். பணிமனை 25 கிலோமீட்டரில் இருந்தால், இரவு ஆளில்லாமல் திரும்பிப்போக 25, காலையில் ஆளில்லாமல் வர 25. ஹால்ட் பஸ்ஸுக்கு இந்த 50 கிலோமீட்டர் வெறும் ஓட்டம் இல்லை. நாளுக்குப் பத்து லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு. பெருக்கிக்கொள்ளுங்கள்.

பிறகு ஏன் ஹால்ட் பஸ்களைப் பணிமனையில் தட்டிக் கழிக்கிறார்கள்? ஆள் போக மறுப்பதால். ஹால்ட் டூட்டி என்றால் என்னவென்று சொல்கிறேன். இரவு பத்தரைக்கு வண்டியை நிறுத்தினால் ஊரில் டீக்கடை மூடியிருக்கும். பஸ்ஸின் நீள இருக்கையில் டிரைவர், கண்டக்டருக்கு நடைபாதையில் விரித்த பழைய பேனர். வசூல் பை தலைக்கு அடியில், வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு. கண்ணாடியை ஏற்றினால் புழுக்கம், இறக்கினால் கொசு. விடியற்காலை நாலு மணிக்கு ஏரிக்கரையைத் தேடி இருட்டில் போக வேண்டும், பாம்புக்கும் பயப்பட வேண்டும். இதையே கண்டக்டர் ஒரு பெண்ணாக இருந்தால் யோசித்துப் பாருங்கள்.

ஆகவே ஹால்ட் பஸ் கேட்கும் ஊர் முதலில் ஒரு கழிப்பறையைக் காட்ட வேண்டும். தண்ணீர் வருகிற, உள்ளே தாழ்ப்பாள் உள்ள, விளக்கு எரிகிற கழிப்பறை. ஊராட்சிக் கட்டடத்தில் மின்விசிறி உள்ள ஓர் அறை, இரண்டு கட்டில், வண்டி நிற்கும் இடத்தில் ஒரு தெருவிளக்கு. சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் முடிவு செய்து மனுவில் எழுதுங்கள். இரவு சாப்பாட்டைக் காசு கொடுத்து வாங்க ஒரு வீட்டை ஏற்பாடு செய்தால் அந்த ஊர் டூட்டிக்கு ஆள் போட்டி போடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

மலை அடிவாரத்து ஊர்களுக்கு, பெரிய பஸ் நுழையவே முடியாத இடங்களுக்கு, மினி பஸ்தான் வழி. 2025இல் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தில் தடம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம். அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ் ஓடாத சாலையாக இருக்க வேண்டும். அவை தனியார் வண்டிகள், பெண்களுக்கும் கட்டணம் உண்டு. டவுன் பஸ்ஸுக்கு வாய்ப்பு இருக்கும் ஊர் அவசரப்பட்டு மினி பஸ்ஸுக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பேன்.

நிழற்குடை கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எம்.எல்.ஏ. நிதியில் பளபளவென்று எவர்சில்வர் இருக்கை போட்டுத் தருவார்கள். வேலூர் சித்திரை வெயிலில் மதியம் அதன்மேல் யாரும் உட்கார முடியாது. சிமெண்டுத் திண்ணையும், மேற்கு வெயிலை மறைக்கும் பக்கச் சுவரும், பக்கத்தில் ஒரு புங்க மரமும் கேளுங்கள். ஏறும் இடத்தில் தரையை ஒரு முழம் உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். பஸ் அதை ஒட்டி நின்றால் முழங்கால் வலிக்காரரும் பிறர் கையைப் பிடிக்காமல் ஏறிவிடுவார்.

பஸ் வந்த பிறகு

முதல் மூன்று மாதம்தான் கண்டம். மாலை போட்டுத் தேங்காய் உடைத்து வரவேற்றுவிட்டு மறுநாள் எல்லோரும் மோட்டார் சைக்கிளில் போய்விடுவார்கள். இரண்டாம் மாதம் வசூல் தாளைப் பார்த்துக் கிளை மேலாளர் வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்.

பெண்கள் கட்டாயம் டிக்கெட் வாங்க வேண்டும். "காசு இல்லாத பயணத்துக்குச் சீட்டு எதற்கு?" என்று கையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள், கூட்டத்தில் கண்டக்டரும் விட்டுவிடுகிறார். அந்தச் சீட்டு ஒவ்வொன்றும்தான் இந்த நடையில் இத்தனை பேர் ஏறினார்கள் என்பதற்குச் சாட்சி. சீட்டு கிழியாவிட்டால் கணக்கில் அந்தப் பஸ் காலியாகத்தான் ஓடுகிறது. கூடை வைத்திருப்பவர்கள் லக்கேஜ் டிக்கெட்டையும் கேட்டு வாங்குங்கள். வாங்கினால் "கூடையை இறக்கு" என்று சொல்ல எவருக்கும் வாய் வராது.

பஸ் வராத நாளை நிறுத்தத்துக்கு எதிர்க் கடையில் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: தேதி, நேரம், தடம் எண். அன்றே போன் செய்து சண்டை போட வேண்டாம். மாதக் கடைசியில் நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பெண்கள், ஒரு வார்டு உறுப்பினர் என்று மூன்று பேராகப் பணிமனைக்குப் போங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் போனால் கிளை மேலாளர் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். காலையில் வண்டி அனுப்பும் நேரத்தில் போனால் உங்களை வாசலிலேயே அனுப்பிவிடுவார், நானும் அப்படித்தான் அனுப்பியிருக்கிறேன்.